மூத்தம்மாவின் பயணமும் ஒரு தூரக் கணக்கும்

சென்ற பெப்ரவரி மாத நடுப்பகுதியில் என் மூத்தம்மா உம்ராவுக்குப் புறப்பட்டார். அவருடைய வாழ்க்கையில் அதுவே முதலாவது விமானப் பயணம். மஹ்ரமாக மாமா கூடப் போனார். அவருக்கும் அது முதற்பயணந்தான். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் மூத்தம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"மகள், நீங்க கணக்குப் படிக்கிற புள்ளதானே. பிளேன்ல எத்தின மணிக்கி நான் நிய்யத் வெக்கணும்? எல்ல தாண்டிப் போயிட்டா என்ன செய்யிற?"

நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவள். இதென்ன பெரிய கணக்கு என்று நினைத்தேன். தேசப்படத் தொகுதியை எடுத்தேன். தூரத்தைக் கண்டேன். வேகத்தால் பிரித்தேன். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் பிற்பகல் 2.00 என்று இருந்தது. அதனோடு கூட்டினேன். "மாலை 7.30க்கு முன் நிய்யத் வையுங்கள்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூத்தம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன்.

அந்தத் துண்டில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று தூரத்தில். மற்றையது கடிகாரத்தில். இரண்டாவது பிழை அவருடைய இஹ்ராமையே தவற வைத்திருக்கக் கூடியது. அவற்றை நான் எவ்வாறு கண்டுபிடித்துத் திருத்தினேன் என்பதே இக்கட்டுரை. வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவை எதிர்பார்த்திருக்கும் தங்கைமாருக்கும், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் நிய்யத் வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மூன்று கேள்விகள்

"ஜித்தா எவ்வளவு தூரம்?" என்று ஒருவர் கேட்டால் நாம் பெரும்பாலும் "ஆறு மணித்தியாலம்" என்கிறோம். "எப்போது போய்ச் சேரும்?" என்று கேட்டால் "5.45க்கு" என்கிறோம். உண்மையில் இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. இரு விமான நிலையங்களுக்கும் இடையே எத்தனை கிலோமீற்றர்?
2. அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும்?
3. போய்ச் சேரும்போது அந்த ஊர்க் கடிகாரம் என்ன மணி காட்டும்?

முதலாவதற்கு விடை தருவது பூமியின் வடிவம். இரண்டாவதற்கு விமானத்தின் வேகமும் காற்றும். மூன்றாவதற்கு நெட்டாங்கும் நாடுகள் தமக்கென வைத்துக்கொண்ட நியம நேரமும். இவற்றில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

தூரம்: தட்டைப் படமும் உருண்டைப் பூமியும்

கட்டுநாயக்க விமான நிலையம் வட அகலாங்கு 7.18 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 79.88 பாகையிலும் இருக்கிறது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் வட அகலாங்கு 21.68, கிழக்கு நெட்டாங்கு 39.16. எனவே வடக்கு நோக்கி 14.5 பாகையும் மேற்கு நோக்கி 40.7 பாகையும் போக வேண்டும்.

நான் முதலில் செய்தது பைதகரசின் தேற்றம். 14.5இன் வர்க்கத்தையும் 40.7இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 43.2 பாகை வரும். ஒரு பாகைக்கு 111 கி.மீ. எனப் பெருக்கினால் ஏறக்குறைய 4800 கி.மீ. விடை ஒழுங்காகத்தான் தெரிந்தது.

பிழை எங்கே? அகலாங்கில் ஒரு பாகை எங்கும் ஏறக்குறைய 111 கி.மீ. தான். ஆனால் நெட்டாங்கில் ஒரு பாகை மத்தியகோட்டில் மாத்திரமே 111 கி.மீ. நெட்டாங்குக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கி, துருவத்தில் ஒன்றாகின்றன. தோடம்பழச் சுளைகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் அகன்றும் நுனியில் ஒடுங்கியும் இருக்கும் அல்லவா? ஜித்தாவின் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு 103 கி.மீ. அளவே. தட்டைப் படம் இந்த ஒடுக்கத்தைக் காட்டுவதில்லை.

எனவே கோளத்துக்குரிய சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். இரு இடங்களையும் பூமியின் மையத்தோடு இணைத்தால் மையத்தில் ஒரு கோணம் உண்டாகும். அதைக் காண்பது இவ்வாறு:

கோசைன் (மையக் கோணம்) = சைன் (அகலாங்கு 1) × சைன் (அகலாங்கு 2) + கோசைன் (அகலாங்கு 1) × கோசைன் (அகலாங்கு 2) × கோசைன் (நெட்டாங்கு வித்தியாசம்)

எண்களைப் பிரதியிட்டால்:

0.1250 × 0.3694 + 0.9922 × 0.9293 × 0.7578 = 0.745

கோசைன் 0.745 ஆக உள்ள கோணம் ஏறக்குறைய 41.85 பாகை. பூமியின் சராசரி ஆரை 6371 கி.மீ. ஆகையால் அதன் சுற்றளவு 40,030 கி.மீ. அதனை 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. ஆகவே தூரம் ஏறக்குறைய 4650 கி.மீ.

விமானிகள் இதே தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலைக்குரிய தூரமே ஒரு கடல் மைல். அது 1.852 கி.மீ. ஆகவே 41.85ஐ 60ஆல் பெருக்கினால் 2511 கடல் மைல். கோணம் தெரிந்தால் போதும், தூரம் உடனே கிடைத்துவிடுகிறது.

என் முதற்கணக்கு 150 கி.மீ. கூடுதலாக இருந்தது. 4650இல் 150 என்பது சின்னப் பிழைதானே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த 150 கி.மீ. எவ்வளவு பெரியது என்பது பிறகு விளங்கிற்று.

பூமியை அளந்தவர்கள்

மேலே "பூமியின் ஆரை 6371 கி.மீ." என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த எண்ணைத் தேடி நம் முன்னோர்கள் பாலைவனத்தில் நடந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் கலீஃபா மஃமூன், ஸிஞ்சார் சமவெளிக்கு அறிஞர்களை அனுப்பினார். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை அவர்கள் நேராக நடந்து, அந்தத் தூரத்தை அளந்தார்கள். ஒரு பாகை தெரிந்தால் 360 பாகையும் தெரிந்துவிடும்.

973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி வேறொரு வழியைக் கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள நந்தனா என்னும் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். மலையின் உயரம் ஒன்று, கோணம் ஒன்று. இவ்விரண்டையும் கொண்டே பூமியின் ஆரையைக் கணித்தார். உயர்தர மாணவி ஒருத்தி செங்கோண முக்கோணி ஒன்றை வரைந்து இதனைத் தானே நிறுவிப் பார்க்கலாம்.

இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் துல்லியமாகக் காண்பது பற்றி அவர் 1025இல் ஒரு தனி நூலையே எழுதி முடித்தார். தாம் வாழ்ந்த கஸ்னா நகரின் கிப்லாத் திசையைச் சரியாகக் காண்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இரு தொலைதூர ஊர்களுக்கிடையே தூரமும் திசையும் காணும் இந்தக் கணக்கு, விமானம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொழுகைக்காகச் செய்யப்பட்டது.

விமானம் போகும் திசை

ஒரு பூமியுருண்டையை எடுத்து, கொழும்பில் ஒரு நூலின் நுனியை வைத்து, ஜித்தாவில் மறுநுனியை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் நிற்கும். இதுவே பெருவட்டப் பாதை. தேசப்படத்தில் இதே பாதை வளைந்து தெரியும்.

நம் பாதையில் வளைவு மிகச் சிறியது. இரு ஊர்களும் மத்தியகோட்டுக்கு ஓரளவு அருகே இருப்பதே காரணம். ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் ஹீத்ரோவுக்கு இதே கணக்கைச் செய்தால் பெருவட்டப் பாதை ஏறக்குறைய 8700 கி.மீ. தேசப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறும் நேர்கோட்டின் வழியே போனால் அதைவிட 200 கி.மீ.க்கு மேல் அதிகம்.

திசையைக் கணித்தபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்குப் பெருவட்டப் பாதை புறப்படும் திசை, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 24.7 பாகை. அதே இடத்திலிருந்து கஃபாவின் திசையையும் கணித்தேன். மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 24.5 பாகை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! படத்தில் நேர்கோடு கீறினால் 20 பாகை அளவே வரும். நாலரைப் பாகை பிழைக்கும். நாம் ஐவேளையும் முஸல்லாவை விரித்து நோக்கும் திசையிலேயே அந்தக் குறுகிய பாதையும் புறப்படுகிறது. இதைச் சொன்னபோது மூத்தம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் நாள் முழுக்க அந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருந்திரிக்கன்" என்றார்.

நேரம்: காற்றும் கணக்கில் வரும்

பெரிய பயணிகள் விமானம் ஏறக்குறைய 11 கி.மீ. உயரத்தில் மணிக்கு 850 கி.மீ. அளவான வேகத்தில் பறக்கிறது. 4650ஐ 850ஆல் பிரித்தால் 5 மணித்தியாலம் 28 நிமிடம். ஆனால் பயணச்சீட்டின்படி பயண நேரம் 6 மணித்தியாலம் 15 நிமிடம். மீதி 47 நிமிடம் எங்கே போயிற்று?

முதலாவது, சீட்டில் உள்ள நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் நேரத்திலிருந்து, அடுத்த நிலையத்தில் தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் வரையானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் முறைக்காகக் காத்திருப்பதும் இதில் அடங்கும். இரண்டாவது, மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. மூன்றாவது, விமானங்கள் வகுக்கப்பட்ட வான்பாதைகளில் செல்வதால் பாதை பெருவட்டத்தைவிடச் சற்று நீளும். நான்காவது, காற்று.

850 என்பது விமானம் காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராகத் தோணி வலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அரேபியாவின் வடபகுதி போன்ற அகலாங்குகளில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசும். எதிர்க்காற்று மணிக்கு 60 கி.மீ. எனக் கொண்டால் போகும் வேகம் 790. நேரம் 5 மணி 53 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளும். வேகம் 910, நேரம் 5 மணி 7 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் 46 நிமிட வித்தியாசம்.

இங்கே ஒரு சிறு புதிர். போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோம் அல்லவா? இல்லை. காற்றில்லாவிட்டால் போய்வர 10 மணி 56 நிமிடம். காற்றிருந்தால் 11 மணித்தியாலம். எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் செலவிடுகிறது. உதவும் காற்றிலோ குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் இழப்பு முழுமையாக ஈடாவதில்லை.

கடிகாரம்: நெட்டாங்கு தரும் விடை

பயணச்சீட்டில் புறப்படுவது பிற்பகல் 2.00, சேர்வது மாலை 5.45. மாமா இதைப் பார்த்துவிட்டு, "மூன்றே முக்கால் மணித்தியாலம்தானே" என்றார். அப்படியானால் விமானம் மணிக்கு 1240 கி.மீ. வேகத்தில் பறக்க வேண்டும்!

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நெட்டாங்கு வித்தியாசமான 40.7ஐ 4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 163 நிமிடம், அதாவது 2 மணி 43 நிமிடம். சூரியன் நம் தலைக்கு மேல் வந்து இவ்வளவு நேரத்தின் பின்னரே ஜித்தாவில் உச்சிக்கு வருகிறது. ஆனால் இரு நாட்டுக் கடிகாரங்களின் வித்தியாசம் 2 மணி 30 நிமிடந்தான். 13 நிமிடம் ஏன் குறைகிறது?

ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தால் காத்தான்குடிக்கும் கொழும்புக்குமே நேரம் வேறுபடும். ஆதலால் ஒரு நாடு ஒரு நெட்டாங்கின் நேரத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. இலங்கையின் நேரம் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது, அது 82.5 பாகைக்கு உரியது. சவூதியின் நேரம் மூன்று மணித்தியாலம் முந்தியது. அது 45 பாகைக்கு உரியது. வித்தியாசம் 37.5 பாகை. அதனை 4ஆல் பெருக்கினால் 150 நிமிடம். கணக்குச் சரி.

இந்த இடத்தில்தான் என் நெஞ்சு திக்கென்றது. நான் எழுதிக் கொடுத்த "7.30" எந்த ஊர் நேரம்? இலங்கை நேரத்தில் கணித்தேன். ஆனால் அதைத் துண்டில் எழுதவில்லை. ஆசனத்தின் முன்னுள்ள திரையில் சேரும் ஊரின் நேரமும் தெரியும். மாமாவோ ஏறியவுடன் கைக்கடிகாரத்தைச் சவூதி நேரத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். மூத்தம்மா அந்தக் கடிகாரத்தில் 7.30 ஆகும்வரை காத்திருந்தால், விமானம் தரையிறங்கி ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும்!

மீக்காத் எங்கே?

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்பவர் இஹ்ராமுக்கான நிய்யத் வைக்காமல் தாண்டக் கூடாத எல்லையே மீக்காத். நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு திசையிலிருந்து வருவோருக்கும் ஓர் எல்லையைக் குறித்துத் தந்தார்கள். கப்பலில் போன காலத்தில் நம் பக்கத்து யாத்திரிகர்கள் யலம்லமுக்கு நேரே வரும்போது நிய்யத் வைத்தார்கள். விமானத்தில் போகும்போது?

பெருவட்டக் கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணித்துத் தேசப்படத்தில் குறித்தேன். கோடு அரபிக் கடலைக் கடந்து ஓமானின் ஸலாலாவுக்கு அருகே கரையேறுகிறது. ருப்அல் காலிப் பாலைவனத்தைத் தாண்டி, தாயிஃப் நகருக்கும் அதன் வடக்கேயுள்ள அஸ்ஸைலுல் கபீருக்கும் இடையால் செல்கிறது. அஸ்ஸைலுல் கபீர்தான் ஹதீஸில் வரும் கர்னுல் மனாஸில் என்னும் மீக்காத். உண்மையான வான்பாதை சற்று விலகலாம். ஆனால் எல்லை எந்தப் பக்கத்தில், எவ்வளவு அண்மையில் வருகிறது என்பதை இந்தக் கோடு காட்டிவிடுகிறது.

அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் ஏறக்குறைய 135 கி.மீ. முழு வேகத்தில் பறந்தால் பத்து நிமிடங்கூட இல்லை. தரையிறங்க வேகம் குறைவதால் இன்னும் சில நிமிடங்கள் கூடும், அவ்வளவுதான். நான் தட்டைப் படத்தில் விட்ட பிழை 150 கி.மீ. அல்லவா? என் பிழை, மீக்காத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரியது. அந்தப் பழைய கணக்கை நம்பினால், "இன்னும் எல்லை வரவில்லை" என்று எண்ணிக்கொண்டே எல்லையைத் தாண்டிவிடலாம்.

இதனை எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் வாப்பாவை அனுப்பிக் கேட்டேன். எல்லைக்குச் சற்று முன்னரே நிய்யத் வைத்தால் அது செல்லும் என்றும், நிய்யத் இல்லாமல் தாண்டினால் திரும்பி வர வேண்டும் அல்லது பரிகாரமாகக் குர்பானி கொடுக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். பெண்களுக்குத் தனியான இஹ்ராம் ஆடை இல்லாததால் மூத்தம்மாவுக்கு வேண்டியது நிய்யத்தும் தல்பியாவும் சரியான நேரமுமே.

அன்றிரவு பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதினேன். இம்முறை மணி எதையும் எழுதவில்லை.

"மூத்தம்மா, உங்கள் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். விமானம் நகரத் தொடங்கும்போது மணி: ______. அதிலிருந்து 5 மணித்தியாலம் 15 நிமிடத்தில் ஆயத்தமாகுங்கள். விமானத்தில் அறிவிப்புச் செய்வார்கள். கேட்காவிட்டாலும் 5 மணித்தியாலம் 30 நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள்."

சென்ற நேரம் எந்த நாட்டுக் கடிகாரத்திலும் ஒன்றே. ஒரு கடிகாரத்தை இடையில் மாற்றாமல் வைத்திருந்தால் போதும்.

சூரியன் மெதுவாகும் பகல்

தொழுகை நேரம் பற்றியும் மூத்தம்மா கேட்டார். மேற்கே பறக்கும் விமானம் சூரியனைத் துரத்திச் செல்கிறது. சூரியன் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்வதாகத் தெரிகிறது. விமானமும் மணிக்கு ஏறக்குறைய 7 பாகை மேற்கே போகிறது. ஆகவே பயணியின் கண்ணுக்குச் சூரியன் 8 பாகை மட்டுமே நகரும். பகல் பாதி வேகத்தில் போகும்! திரும்பி வரும்போது 15உம் 7உம் சேர்ந்து 22 பாகையாகும். அதனால்தான் மாலை 7 மணிக்கு ஜித்தாவில் ஏறி ஐந்தரை மணித்தியாலம் பறந்து வருபவர், அதிகாலை 3 மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்கி, "இரவு எங்கே போயிற்று?" என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 11 கி.மீ. உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 3.4 பாகை தாழ்ந்து தெரியும். அல்பிரூனி மலையுச்சியில் அளந்த அதே கோணம்! பாகைக்கு 4 நிமிடம் என்று எடுத்தால், கீழே தரையில் சூரியன் மறைந்து 13 நிமிடம் கடந்தும் மேலே இருப்பவர் அதைக் காண்பார். மேற்கே பறப்பவருக்கு இன்னும் அதிகம். விமானத்தில் இருப்பவர் தாம் காணும் சூரியனையே பார்க்க வேண்டும், கீழேயுள்ள ஊரின் நேரத்தையல்ல என்று ஆலிம்கள் சொல்வதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

துண்டு என்ன ஆயிற்று?

விமானம் 25 நிமிடம் பிந்தியே புறப்பட்டது. மூத்தம்மா வெற்றிடத்தில் 2.25 என்று எழுதிக்கொண்டார். அறிவிப்பு வந்தபோது அவருடைய கடிகாரத்தில் மணி 7.45. அதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னரே ஆயத்தமாகி உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் இருந்த மாமாவின் கடிகாரத்தில் அப்போது 5.15. இருவரும் ஒன்றாகவே நிய்யத் வைத்தார்கள்.

இரவு அவர் தொலைபேசியில் பேசினார். "மகள், எறங்கக்குள்ள என்ட மணிக்கூட்டுல எட்டரை தாண்டிட்டு. ஊரில இஷாவும் முடிஞ்சிரிக்கும். இஞ்ச பாத்தா சூரியன் இன்னும் நிக்குது!" பெப்ரவரி நடுப்பகுதியில் ஜித்தாவில் சூரியன் மறைவது மாலை 6.20 அளவில். அவர்கள் இறங்கியது 6.10க்கு. எனக்குக் கணக்கு விளங்கியது. ஆனால் அவர் அதைச் சொன்ன குரலில் இருந்த மகிழ்ச்சிக்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

அந்தத் துண்டை அவர் ஸம்ஸம் தண்ணீரோடு திரும்பக் கொண்டுவந்து தந்தார். என் கணிதக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செய்து பாருங்கள்

தங்கைமாரே, உங்கள் வீட்டிலும் யாராவது கட்டாரில் இருக்கலாம். தோஹா ஹமத் விமான நிலையம் வட அகலாங்கு 25.27, கிழக்கு நெட்டாங்கு 51.61. கட்டாரின் நேரமும் கிறீனிச்சுக்கு மூன்று மணித்தியாலம் முந்தியது.

1. கட்டுநாயக்கவிலிருந்து தோஹாவுக்கு எவ்வளவு தூரம்?
2. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் பறந்தால் எவ்வளவு நேரம்?
3. தோஹா நேரப்படி இரவு 8 மணிக்குப் புறப்பட்டு நாலரை மணித்தியாலம் பயணம் செய்யும் வாப்பாவை வரவேற்க, இலங்கை நேரப்படி எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும்?

முதல் விடை ஏறக்குறைய 3600 கி.மீ. இரண்டாவது 4 மணி 15 நிமிடமளவில். மூன்றாவது விடையை நான் சொல்லப்போவதில்லை. கணித்துப் பாருங்கள். விடையை எழுதும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.